பாலியல் தொழில்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் ஒன்றில் 11 வருடம் களப்பணியாளராக இருந்தேன். என்ன வேலை என்று கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அதோடு விட்டதே இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஆட்டோ டிரைவர், ஒருமுறை பல் டாக்டர்கூட (என் வாயில் பஞ்சை வைத்துவிட்டு) இதே சந்தேகங்களைத்தான் கேட்டார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். சட்ட விவரம் எது, என் அபிப்பிராயம் எது என்பது படிக்கும்போதே தெரியும்.

இது சட்டப்படி குற்றமா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் முடியாது. 18 வயது நிரம்பிய ஒரு பெண் தன் விருப்பத்தில், தனியாக, காசு வாங்கிக்கொண்டு உறவு கொள்வதைக் குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள எல்லாம்தான் குற்றம். 1956இல் வந்து, 1986இல் திருத்தப்பட்ட விபச்சாரத் தடுப்புச் சட்டம் விபச்சார விடுதி நடத்துவது, அந்த வருமானத்தில் வாழ்வது, ஆள் பிடிப்பது, அடைத்து வைப்பது, பொது இடத்தில் கூப்பிடுவது எல்லாவற்றையும் தண்டிக்கிறது. கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் நடந்தால் அதற்குத் தனிப் பிரிவு. நம் ஊரில் 200 மீட்டருக்குள் ஒரு பிள்ளையார் கோயில்கூட இல்லாத தெருவை நான் பார்த்ததில்லை.

இரண்டு விஷயங்களைச் சொன்னால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டை எடுத்துத் தங்கித் தொழில் செய்தால், அந்த வீடு சட்டப்படி விடுதி. அப்புறம், 4ஆம் பிரிவு: இந்த வருமானத்தில் தெரிந்தே வாழும் 18 வயதுக்கு மேற்பட்ட எவரும் குற்றவாளி. அம்மா கட்டும் ஃபீஸில் காலேஜ் படிக்கும் பையனும் எழுத்துப்படி அதில் வந்துவிடுகிறான்.

அப்போ போலீஸ் பிடிச்சா என்ன கேஸ் போடுவாங்க?

பெரிய கேஸ் போட இன்ஸ்பெக்டர், பெண் போலீஸ், சாட்சி என்று பல நடைமுறைகள் உண்டு. அதனால் தெருவில் நிற்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் விழுவது பெட்டி கேஸ். சென்னையில் இதற்கு '75 கேஸ்' என்று பெயர். நகரக் காவல் சட்டத்தின் 75ஆம் பிரிவு. பொது இடத்தில் ஒழுங்கீனமாக நடந்துகொண்டதற்கானது. கோர்ட்டில் நிறுத்துவார்கள், ஃபைன் கட்டிவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடலாம். கட்டிய காசை ஈடுகட்ட அன்று ராத்திரியே மறுபடி நிற்க வேண்டும்.

ஒரு ஸ்டேஷனில் நடந்ததை மறக்க முடியவில்லை. பெயர் வேண்டாம். எங்கள் திட்டத்தில் இருந்த பெண் ஒருத்தியின் கைப்பையைக் கவிழ்த்து, நாங்கள் இலவசமாகக் கொடுத்த ஆணுறைகளை மேசையில் பரப்பி எண்ணினார்கள். அரசாங்கம் கொடுத்ததையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கினார்கள். அதற்கப்புறம் எங்கள் பகுதிப் பெண்கள் பையில் எதுவும் வைப்பதில்லை. டிபன் பாக்ஸின் அடித்தட்டில் போட்டு, மேலே எலுமிச்சை சாதம் வைத்துக்கொண்டு போவார்கள்.

கொல்கத்தாவுல சோனாகாச்சின்னு சிவப்பு விளக்குப் பகுதி இருக்கே, அது மாதிரி தமிழ்நாட்டுல ஏன் ஒரு ஏரியா இல்ல? இங்க இது கம்மியா?

கம்மி இல்லை, சிதறிக் கிடக்கிறது. லாட்ஜ், பஸ் ஸ்டாண்ட், நெடுஞ்சாலை, வாடகை வீடு, இப்போது முக்கியமாக செல்போன். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள். சாயங்காலம் திரும்பும்போது கையில் காய்கறிப் பை இருக்கும்.

இதனால் நிலைமையும் மாறுகிறது. கொல்கத்தாவில் ஒரே சந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருப்பதால் சங்கம் கட்ட முடிந்தது. அங்கே எஜமானிக்குக் கடன்பட்டு அடிமையாய் இருப்பவள் 'சுக்ரி', வருமானத்தில் பாதி கொடுப்பவள் 'ஆதியா', அதற்கு மேலே அறை வாடகை மட்டும் கொடுத்துச் சொந்தமாகச் செய்பவள். யார் எந்தப் படியில் இருக்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே அடைத்து வைக்கும் எஜமானி குறைவு, அதே நேரம் ஆபத்து வந்தால் கத்திக் கூப்பிடப் பக்கத்து அறையில் ஆளும் இல்லை.

ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல சம்பாதிப்பாங்களாமே?

கேட்பவர்கள் முதல் நோட்டை மட்டும் பார்க்கிறார்கள். அதில் புரோக்கருக்கு ஒரு பங்கு, லாட்ஜ் பையனுக்கு, ஆட்டோவுக்கு, மாமூலுக்கு. மிச்சத்தைத் தண்டல்காரர் வாங்கிக்கொண்டு போவார். தண்டல் கணக்கு தெரியாதவர்களுக்கு: 10,000 ரூபாய் கடன் என்றால் கையில் வருவது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்டணும். ஒருநாள் தப்பினால் வாசலில் நின்று பேசுவார், தெரு முழுக்கக் கேட்கும்.

எங்கள் மையத்துக்கு வரும் ஒரு அக்கா சின்னதாக ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். ஒரு பக்கம் பெருமாள் படம், மறுபக்கம் தண்டல் கணக்கு. அவர் எந்தக் கஸ்டமரை மறுப்பார், எவனைச் சகித்துக்கொள்வார் என்பதை அந்த நோட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். கடன் இல்லாத வாரம் குடித்துவிட்டு வருபவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். இந்தத் தொழிலின் வேலை நிலைமையைப் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த நோட்டுக்கு ஈடாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

விருப்பப்பட்டு வந்தவங்கன்னு உண்மையிலேயே யாராவது இருக்காங்களா?

'விருப்பம்' என்ற சொல்லில்தான் சிக்கல். ஏமாற்றி விற்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். புருஷன் விட்டுப் போன பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து, சித்தாள் வேலைக்குப் போய், அதன் பிறகு இதற்கு வந்தவர்களும் நிறைய. அவர்களிடம் "கட்டாயமா?" என்று கேட்டால் கோபம் வரும். ஒருத்தி சொன்னது: "சித்தாள் வேலையிலயும் மேஸ்திரி கைய வச்சான். அதுக்குக் காசு குடுக்கல."

இன்னொருத்தி, அதே தெருக்காரி, இதற்கு நேர் எதிர்: "இத வேலைன்னு சொல்றவங்க ஒரு ராத்திரி என் எடத்துல வந்து இருந்து பாக்கட்டும்." இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதல் பெண்ணுக்குச் சொந்த அறை, சொந்த போன், கடன் இல்லை. இரண்டாவது பெண்ணின் போன் புருஷன் கையில்.

'விபச்சாரி'ங்கறதுக்குப் பதிலா 'பாலியல் தொழிலாளி'ன்னு சொன்னா மட்டும் என்ன மாறிடும்?

சிலருக்கு நிறைய மாறியது. சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா ஆரம்பித்த நோய்த்தடுப்புத் திட்டத்திலிருந்து 1995இல் தர்பார் மகிளா சமன்வய கமிட்டி என்ற சங்கம் பிறந்தது. அதே வருடம் உஷா என்ற கூட்டுறவு வங்கியும். பதிவு செய்யப் போனபோது தொழில் என்ற இடத்தில் 'இல்லத்தரசி' என்று போட்டுக்கொள்ளுங்கள் என்று யோசனை சொன்னார்கள். முடியாது, எங்கள் தொழிலையே எழுதுவோம் என்று நின்று பதிந்தார்கள். தண்டல்காரருக்குப் போட்டியாக ஒரு வங்கி என்றால் சும்மாவா? 2001இல் கொல்கத்தாவில் இவர்கள் கூடியதன் நினைவாகத்தான் உலகம் முழுக்க மார்ச் 3 பாலியல் தொழிலாளர் உரிமை நாள்.

ஆனால் எல்லோருக்கும் அந்தப் பெயர் வேண்டியதில்லை. ஒரு மார்ச் மாதம் எங்கள் மையத்தில் பேனர் அடிக்க உட்கார்ந்தோம். 'தொழிலாளர்' என்று போடலாமா வேண்டாமா என்று பேச்சு வந்து, மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும் அளவுக்குச் சண்டை. "நான் எப்போ இத விடப்போறேன்னு நாள எண்ணிக்கிட்டு இருக்கேன், என் கழுத்துல ஏன் போர்டு மாட்டுறீங்க?" என்றார் ஒருவர். "தொழிலாளின்னா லேபர் கார்டாவது கேக்கலாமில்ல?" என்றார் இன்னொருவர். கடைசியில் வெறும் 'மார்ச் 3' என்று மட்டும் போட்டு 350 ரூபாய்க்கு ஒரு பேனர். கடைக்காரன் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டான்.

பத்திரிகைகள் போடும் 'அழகிகள் மீட்பு' என்ற தலைப்பை மட்டும் எந்தப் பக்கத்துக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெண்ணுரிமை பேசறவங்களே இதுல ரெண்டு கட்சியா அடிச்சுக்கறாங்களே, ஏன்?

ஒரு பக்கம், பெண்ணுடம்பைக் காசு கொடுத்து வாங்குவதே வன்முறை, அதற்கு நல்ல வேலை நிலைமை என்று ஒன்று கிடையாது என்பவர்கள். ருச்சிரா குப்தாவின் அப்னே ஆப், ஹைதராபாதில் சுனிதா கிருஷ்ணனின் பிரஜ்வலா ஆகிய அமைப்புகள் இந்தப் பக்கம். கடத்தப்பட்ட பெண்களை வருடக்கணக்காகப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். மறுபக்கம் தர்பாரும், மகாராஷ்டிராவின் சாங்லியில் இருக்கும் வேம்ப் சங்கமும். அவர்கள் தொழிலில் இருப்பவர்களே. ரெய்டில் அடி வாங்கியவர்கள்.

2020 அக்டோபரில் தேசிய மனித உரிமை ஆணையம் கொரோனா கால அறிவுரையில் இவர்களை அமைப்புசாராத் தொழிலாளர்களாகக் கருதி உதவலாம் என்று சொன்னது. முதல் தரப்பு எதிர்த்தது. அடுத்த மாதமே ஆணையம் வாசகத்தை மாற்றிக்கொண்டது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு கனம்.

நமக்கு இது புதுச் சண்டையும் இல்லை. தேவதாசி ஒழிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அது வேறு முறை, இதோடு ஒன்றாகக் குழப்பக் கூடாது. ஆனால் வாதம் இதே சாயல். முத்துலட்சுமி ரெட்டி ஒழிக்க வேண்டும் என்றார். அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே மூவலூர் ராமாமிர்தம் ஒழிக்கச் சொன்னார், பெங்களூர் நாகரத்தினம்மாள் எதிர்த்தார். 1947இல் சட்டம் வந்தது. உள்ளே இருந்தவர்களே ஒரே குரலில் பேசவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது.

ரெய்டு பண்ணி மீட்டு ஹோம்ல விட்டா நல்லதுதானே?

அடைத்து வைக்கப்பட்டவளுக்கு நல்லது, சில நேரம் அதுவே உயிர். மற்றவளுக்கு? சட்டப்படி மாஜிஸ்திரேட் விசாரித்து ஒரு பெண்ணைப் பாதுகாப்பு இல்லத்தில் 1 முதல் 3 வருடம் வரை வைக்க உத்தரவிடலாம். அவள் வயது 40 ஆனாலும் சரி. அந்த மாதங்களில் தண்டல் நிற்காது, பிள்ளையின் ஃபீஸ் நிற்காது. பலர் வெளியே வரும்போது போனதைவிட அதிகக் கடனோடு வருகிறார்கள்.

சென்னைக்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986இல் இங்கேதான் கண்டுபிடிக்கப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, நிர்மலா என்ற மாணவி காப்பகத்தில் இருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. மருத்துவத்துக்கு அது பெரிய சாதனை. ஆனால் தொற்று இருக்கிறது என்பதற்காகவே அப்பெண்களில் சிலரைக் காலம் முடிந்தும் வெளியே விடாமல் வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்குப் போன பிறகுதான் விட்டார்கள். 1990இல் மும்பையில் மீட்கப்பட்ட நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களைத் தனி ரயிலில் அழைத்து வந்தபோது அதற்கு 'முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள். ரயிலுக்குப் பெயர் வைத்த அளவுக்கு, இறங்கிய பிறகு என்ன என்பதை யோசிக்கவில்லை.

2022ல சுப்ரீம் கோர்ட் இத ஒரு தொழிலா அங்கீகரிச்சிடுச்சுன்னு படிச்சேனே?

தலைப்புச் செய்தி கொஞ்சம் ஓடிவிட்டது. 1999இல் கொல்கத்தாவில் ஒரு பெண் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு அது. 2011இல் தண்டனையை உறுதி செய்ததோடு நிற்காமல், மறுவாழ்வு பற்றி ஆராய ஒரு குழுவையும் கோர்ட் போட்டது. 2022 மே 19 அன்று நீதிபதி எல். நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு அந்தக் குழுவின் பரிந்துரைகளில் ஒரு பகுதியை உத்தரவாக்கியது. ஆணுறையைக் குற்றத்துக்குச் சாட்சியாக்கக் கூடாது (டிபன் பாக்ஸ் கதையை நான் சொன்னது இதற்காகத்தான்). ரெய்டில் பெண்களின் முகத்தைப் பத்திரிகை காட்டக் கூடாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு, மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் எல்லா மருத்துவ, சட்ட உதவியும் கிடைக்க வேண்டும். விருப்பமின்றி இல்லத்தில் அடைக்கப்பட்ட வயது வந்த பெண்களைக் கணக்கெடுத்து விடுவிக்க வேண்டும்.

விரும்பிச் செய்யும் வயது வந்தவர்மேல் போலீஸ் கை வைக்கக் கூடாது, ரெய்டில் அவர்களைக் கைது செய்யக் கூடாது என்பவையும் பரிந்துரையில் இருந்தன. அவற்றுக்கு மத்திய அரசு தயக்கம் தெரிவித்ததால் அன்று உத்தரவாகவில்லை. முதல் கேள்வியில் சொன்ன சட்டத்தில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

இதே வழக்கில் வந்த இன்னொரு உத்தரவு பெரிதாகப் பேசப்படவில்லை: 2020 செப்டம்பரில், அடையாள அட்டை கேட்காமல் ரேஷன் கொடுக்கச் சொன்னது. எங்கள் பெண்களைப் பொறுத்தவரை அந்த அரிசி மூட்டைதான் பெரிய தீர்ப்பு.

நோய் பரவறதே இவங்களாலதானே?

கஸ்டமரிடமிருந்து இவர்களுக்கும், கஸ்டமரிடமிருந்தே அவன் வீட்டுக்கும் போகிறது. நடுவில் இருப்பவன் பெயர் மட்டும் வெளியே வருவதில்லை. திட்டத்தில் இருக்கும் பெண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. டெஸ்ட் செய்துகொள்கிறார்கள். கேள்வி கேட்பவர் கடைசியாக எப்போது செய்துகொண்டார் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும்.

ஆணுறை விஷயம் அறிவுரையால் மாறவில்லை. ஆணுறை இல்லாமல் முடியாது என்று ஒருத்தி சொன்னால் கஸ்டமர் அடுத்த கதவைத் தட்டுவான். சோனாகாச்சியில் எல்லாக் கதவிலும் ஒரே பதில் வந்ததால்தான் மாறியது.

ஸ்வீடன்ல மாதிரி போறவனத் தண்டிச்சா என்ன?

1999இல் ஸ்வீடன் ஆரம்பித்து வைத்தது: விற்பவள் குற்றவாளி இல்லை, வாங்குபவன் குற்றவாளி. பிரான்ஸ் 2016இல் பின்தொடர்ந்தது. கேட்க நியாயமாக இருக்கிறது, ரொம்ப நாள் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். 2006இல் இங்கேயும் அப்படி ஒரு மசோதா வந்தது. பெண்களைத் தண்டிக்கும் 8ஆம் பிரிவை எடுத்துவிட்டு வாடிக்கையாளரைத் தண்டிப்பது. அதை எதிர்த்து டெல்லியில் ஊர்வலம் போனவர்கள் பாலியல் தொழிலாளர்களே. மசோதா காலாவதியானது.

ஏன் எதிர்க்கிறீர்கள் என்று எங்கள் மையத்து அக்கா ஒருவரிடம் கேட்டேன். "பயந்தவன் வெளிச்சத்துல நிக்க மாட்டான். அவன் சொல்ற எடத்துக்கு நான் போகணும். இப்போ ஆளப் பாத்துப் பேசி, வண்டி நம்பரத் தோழிக்கு அனுப்பிட்டுதான் ஏறுறேன். அதுக்கு நேரம் இருக்காது." அதற்கப்புறம் என் பழைய நியாயத்தில் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

அப்போ லைசென்ஸ் குடுத்து ஒழுங்குபடுத்திடலாமே?

எந்த மாதிரி ஒழுங்கு என்பதைப் பொறுத்தது. ஜெர்மனி 2002இல் சட்டபூர்வமாக்கி, 2017இல் ஒவ்வொருவரும் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2023 கடைசியில் பதிவானவர்கள் சுமார் 30,000 பேர்தான். தொழிலில் இருப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு. தன் பெயரை அரசாங்க ஏட்டில் எழுதப் பலருக்கும் மனசு வரவில்லை. நம் ஊரில் அந்த ஏடு யார் மேசையில் இருக்கும், யாருக்கெல்லாம் காட்டப்படும் என்று நினைத்தாலே எனக்குப் பயம்.

நியூசிலாந்து 2003இல் வேறு வழியில் போனது. 60க்கு 59 என்ற ஒரே ஓட்டு வித்தியாசத்தில், தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்தார்கள். நாலு பேர் வரை சேர்ந்து தாங்களே நடத்தும் இடத்துக்கு லைசென்ஸ் தேவையில்லை. நம் சட்டம் இரண்டு பேரையே விடுதி என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த நேரத்திலும் மறுக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. 2014இல் ஒரு பெண் தன்னைத் தொந்தரவு செய்த விடுதி முதலாளிமேல் வழக்குப் போட்டு 25,000 டாலர் நஷ்டஈடு வாங்கினார். ஓட்டை இல்லாமலும் இல்லை. தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் இன்னும் ஒளிந்துதான் வாழ்கிறார்கள். பெல்ஜியத்தில் 2024 டிசம்பர் முதல் மகப்பேறு விடுப்பு, மருத்துவ விடுப்போடு வேலை ஒப்பந்தமே உண்டு.

இதெல்லாம் வந்தா லாபம் புரோக்கருக்கும் ஓனருக்கும்தானே?

என்னிடம் கேட்டதிலேயே நல்ல கேள்வி இது. ஆமாம், அந்தப் பயம் எனக்கும் உண்டு. பெண்ணைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதும், அவள் சம்பாத்தியத்தில் பாதியை எடுப்பவனைத் தொழிலதிபர் ஆக்குவதும் ஒன்றல்ல. 4ஆம் பிரிவு மகனை விட்டுவிட வேண்டும், மாமாவை (அதாவது புரோக்கரை) விடக் கூடாது. இரண்டையும் பிரித்து எழுதுவது சட்டம் எழுதுபவர்களுக்கு முடியாத காரியமில்லை.

மாமாவின் பிடி செல்போனால் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. சங்கம் இருக்கும் ஊரில் இன்னும் தளரும்.

சின்னப் பொண்ணுங்க விஷயத்துல உங்க 'விருப்பம்' வாதம் என்ன ஆகும்?

அங்கே வாதமே இல்லை. 18க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சுக்கே இடம் கிடையாது, 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் பாயும். இதில் இரண்டு கட்சிக்கும் ஒரே கருத்து. சோனாகாச்சியில் சங்கமே சுயகட்டுப்பாட்டு வாரியம் வைத்து, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் வயது, வந்த விதம் கேட்கிறது. சிறுமியென்றாலோ கட்டாயமென்றாலோ தொழிலில் விடுவதில்லை. தெருவுக்குப் புதிதாக ஒரு முகம் வந்தால் போலீசுக்கு முந்தி பக்கத்து அறைக்காரிக்குத் தெரியும். அவளையே நாம் குற்றவாளியாக வைத்திருந்தால் அவள் யாரிடம் போய்ச் சொல்வாள்?

எங்க அப்பார்ட்மெண்ட்ல ஒரு வீட்டுல நடக்குதுன்னு சந்தேகம். போலீசுக்குச் சொல்லணுமா?

உள்ளே சிறுமி இருக்கிறாள், யாரோ அடைத்து வைக்கப்பட்டிருக்கிறார், அடிக்கும் சத்தம் கேட்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம். குழந்தைக்கு 1098, பெண்ணுக்கு 181, இல்லை நேராகப் போலீஸ்.

வேளைகெட்ட வேளையில் ஆட்கள் வந்து போகிறார்கள், அந்தப் பெண் நம்மிடம் பேசுவதில்லை என்பது மட்டும்தான் காரணமென்றால், உங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்கள் மையத்து அக்கா ஒருவரை இப்படிச் சந்தேகத்தின்பேரில் அசோசியேஷன் கூட்டம் போட்டுக் காலி செய்ய வைத்தார்கள். அவர் அந்தத் தொழிலை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வந்து போனவர்கள் அவரிடம் தைக்கத் துணி கொடுக்க வந்தவர்கள். அட்வான்ஸில் பாதியைப் பெயிண்ட் அடிக்க என்று பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். மிஷினை ஒரு மாதம் எங்கள் மையத்து வராண்டாவில் வைத்திருந்தோம்.